ராசியாகவும் உரிமை, மறுக்கவும் உரிமை

அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் பகுதியில் ஓர் அடிதடி வழக்கு பதிவானால், முதல் தகவல் அறிக்கையைப் பார்க்காமலேயே அதிலுள்ள பிரிவுகளைச் சொல்லிவிடலாம். 294(பி), 323, 324, 506(2). ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல் விடுத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், இதே வரிசையை இப்போது 296(பி), 115(2), 118(1), 351(3) என்று எழுதுகிறார்கள். எண்கள்தான் மாறின, சண்டைகள் மாறவில்லை. முந்திரிக்காட்டு எல்லையில் தள்ளி நட்ட கல், வெட்டிய வரப்பு, பங்குக் கிணற்றில் மோட்டார் போடும் முறை, வண்டிப் பாதை, பயிரில் வாய்வைத்த ஆடு, கோயில் திருவிழாவில் முதல் மரியாதை. அடித்தவரும் அடிபட்டவரும் பெரும்பாலும் பங்காளிகளாகவோ மாமன் மச்சான்களாகவோ இருப்பார்கள்.

அப்படிப்பட்டவர்கள் காலம் முழுக்கப் பகையோடு இருக்க முடியாது. ஒரு காதுகுத்து வரும், ஒரு கருமாதி வரும். பெரியவர் ஒருவர் குறுக்கே நின்று 'போதும்டா' என்பார். ஆஸ்பத்திரிச் செலவை அடித்தவர் கொடுப்பார். தள்ளி நட்ட கல் பழைய இடத்துக்கே திரும்பும். பிறகு இருவரும் ஒரே வண்டியில் ஜெயங்கொண்டம் போய், 'ராசியாப் போயிட்டோம்ங்க, கேஸை முடிச்சுக் குடுங்க' என்று வக்கீலிடம் சொல்வார்கள். அங்கேதான் சட்டம் அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. '324 இருக்குதே. இங்க முடியாது. ஹைகோர்ட்டுல குவாஷ் போடணும்' என்பார் வக்கீல்.

அவர் சொல்வது சரிதான். எந்தெந்தக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொண்டு வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆவது பிரிவு ஒரு பட்டியல் வைத்திருந்தது. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆவது பிரிவு. சிலவற்றைப் பாதிக்கப்பட்டவர் தாமாகவே முடித்துக்கொள்ளலாம், சிலவற்றுக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பட்டியலில் இல்லாத குற்றத்தை எந்த நடுவரும் சமரசத்தின் பேரில் முடித்துவைக்க முடியாது. மாவட்டந்தோறும் நடக்கும் மக்கள் நீதிமன்றங்களுக்கும் இதே தடை உண்டு. சமரசத்துக்கு இடமில்லாத குற்றத்தை அவை தொடக்கூடாது என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டமே சொல்லிவிட்டது.

அந்தப் பட்டியலின் நியாயத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். வெறுங்கையால் அடித்து ஒருவரின் கையெலும்பை முறித்தால் அது பழைய 325. கொடுங்காயம். ஏழாண்டுவரை சிறை. இதை நீதிமன்ற அனுமதியோடு சமரசத்தில் முடிக்கலாம். கத்தியோ அரிவாளோ பட்டு இரண்டு நாளில் ஆறிவிடும் கீறல் விழுந்தால் அது 324. தண்டனை மூன்றாண்டுவரைதான். இதை முடிக்க முடியாது. எலும்பு முறிந்தவர் மன்னிக்கலாம், கீறல் பட்டவர் மன்னிக்கக்கூடாது என்பது என்ன கணக்கு? 324 ஒரு காலத்தில் நீதிமன்ற அனுமதியோடு முடிக்கக்கூடியதாகத்தான் இருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2011 டிசம்பரில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 237ஆவது அறிக்கையில் 324ஐத் திரும்பச் சேர்க்கப் பரிந்துரைத்தது. மனைவிக்குக் கணவர் வீட்டார் இழைக்கும் கொடுமைக்கான 498ஏ பிரிவையும் நீதிமன்ற அனுமதியோடு முடிக்க வகைசெய்யலாம் என்றது. 2023இல் மூன்று குற்றவியல் சட்டங்களையும் புதிதாக எழுதியபோது இதைச் சரிசெய்ய நல்ல வாய்ப்பு இருந்தது. பழைய 324 இப்போது 118(1) ஆனது. சமரசப் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

294(பி) கதையும் இப்படித்தான். ஊர்ச்சண்டையில் யாரும் இலக்கணத் தமிழில் பேசுவதில்லை. வாயில் வந்ததைச் சொல்வார்கள். எழுத்தர் அதை அப்படியே புகாரில் ஏற்றிவிட, 294(பி) சேர்ந்துகொள்ளும். வெறும் வசைச்சொல் இந்தப் பிரிவின் கீழ் ஆபாசம் ஆகிவிடாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றமே விளக்கியிருக்கிறது. ஆனாலும் காவல் நிலையங்களில் கை தானாக அந்தப் பிரிவை எழுதுகிறது. அதுவும் சமரசப் பட்டியலில் இல்லை. 323 மட்டும் இருந்திருந்தால் ஜெயங்கொண்டத்தில் ஒரே வாய்தாவில் முடிந்திருக்கக்கூடிய சண்டைக்கு, இந்த இரண்டு எண்களால் சென்னைவரை போகவேண்டிய விதி வந்துவிடுகிறது.

சென்னை உயர் நீதிமன்றம் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பக்கத்துத் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் மதுரைக் கிளை வாய்த்தது. அரியலூரும் பெரம்பலூரும் சென்னையோடேயே நின்றுவிட்டன. வழக்கை ரத்துசெய்யக் கோரும் குவாஷ் மனு, இரு தரப்புப் பிரமாணப் பத்திரம், கூட்டு மெமோ, ஆதார் நகல், வக்கீல் கட்டணம், அழைக்கும் நாளில் நேரிலோ காணொலியிலோ முகம் காட்டுவது, இவர் இன்னார்தான் என்று அடையாளம் சொல்ல நிலையத்திலிருந்து வரும் போலீஸ்காரர். கூலிவேலை செய்பவர் எத்தனை நாள் சம்பளத்தை இதற்குக் கொடுப்பார்?

கொடுக்க முடியாதவர்கள் இன்னொரு வழியில் முடித்துக்கொள்கிறார்கள். கீழமை நீதிமன்றங்களை அறிந்த எல்லோருக்கும் தெரிந்த வழிதான். விசாரணையன்று புகார் கொடுத்தவர் கூண்டேறுகிறார். உண்மையே சொல்வதாக உறுதி கூறுகிறார். அடுத்த நிமிடம், 'யாரு அடிச்சாங்கன்னு தெரியலைங்க. இருட்டா இருந்துச்சு. ஸ்டேஷன்ல வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க' என்கிறார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கேட்கிறார். இரண்டு கேள்வி, இரண்டு மறுப்பு. நேரில் பார்த்த சாட்சியும் எதையும் பார்க்கவில்லை. காயச் சான்று கொடுத்த மருத்துவர் மட்டும் வந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறார். கோப்பில் காயம் இருக்கிறது, காயப்படுத்தியவர் இல்லை. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, விடுதலை.

இதில் தோற்பது யாரென்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. மனம்விட்டுப் பேசி நேர்மையாக ராசியான இரண்டு பேரில் ஒருவரை, நீதிபதியின் முன்னால் சத்தியம் செய்து பொய் சொல்ல வைத்திருக்கிறோம். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காத காவலர்மீது அந்தப் பழி நிரந்தரமாக ஏறுகிறது. உண்மையில் நடந்த சம்பவம் பொய் வழக்குகளின் கணக்கில் சேர்கிறது. நாளைக்கு நிஜமாகவே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கப்பட்ட ஒருவர் அதே வாக்கியத்தைச் சொன்னால், தினமும் அதைக் கேட்டுப் பழகிய காது அவரை நம்புமா?

பொய் சொல்லி வாங்கிய அந்த விடுதலையும் முழு விடுதலை இல்லை. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் காவலர் தேர்வு ஒரு பெரிய கனவு. விடியற்காலையில் மைதானத்திலும் சாலையோரத்திலும் ஓடிப் பழகும் இளைஞர்களைப் பார்த்தாலே தெரியும். தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளின்படி, ஐயத்தின் பலனால் விடுதலையானவரும் புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்களாகவே கருதப்படுவார்கள். அப்பா காலத்து வரப்புத் தகராறில் கூட நின்றதற்காக ஐந்தாவது எதிரியாகச் சேர்க்கப்பட்ட பையன், உடல்தகுதியிலும் எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டு, பின்னணி விசாரணையில் தடுக்கி விழுகிறான்.

சமரசப் பட்டியலில் இல்லாத வழக்கையும் ரத்துசெய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு எங்கிருந்து வருகிறது? பழைய 482, இப்போதைய 528. நீதிமன்ற நடவடிக்கை தவறாகப் பயன்படுவதைத் தடுக்கவும் நீதியின் நோக்கம் நிறைவேறவும் தேவையான எந்த உத்தரவையும் பிறப்பிக்கும் இயல்பான அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு என்கிறது அந்தப் பிரிவு. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டத்தில் 1923இல் 561ஏ என்ற எண்ணில் நுழைந்த விதி இது. சமரசத்துக்காக இதைத் தாராளமாகப் பயன்படுத்தும் வழியைத் திறந்தது 2003ஆம் ஆண்டின் பி.எஸ். ஜோஷி வழக்கு. அது ஒரு குடும்ப வழக்கு. பட்டியலில் இல்லாத குற்றத்தை நீதிமன்றம் இப்படி முடித்துவைக்கலாமா என்ற சந்தேகம் பிறகு எழுந்தது. 2012 செப்டம்பரில் கியான் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தீர்த்தது. சமரசப் பட்டியல் வேறு, இயல்பான அதிகாரம் வேறு. வணிகம், பணம், குடும்பம் போன்ற உரிமையியல் தன்மை தூக்கலாக உள்ள வழக்குகளை உயர் நீதிமன்றம் முடித்துவைக்கலாம். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை, அரசு ஊழியரின் ஊழல் போன்றவற்றை எந்தச் சமரசத்தாலும் முடிக்க முடியாது, ஏனென்றால் அவை இரண்டு பேருக்கு இடையில் நடந்து முடிகிற விஷயங்கள் இல்லை. 2014இல் நரிந்தர் சிங் வழக்கும் 2019இல் லட்சுமி நாராயண் வழக்கும் கொலை முயற்சிப் பிரிவை எடுத்துக்கொண்டன. காகிதத்தில் 307 இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், காயம் உடம்பில் எங்கே பட்டது, ஆயுதம் என்ன, சமரசம் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பாருங்கள் என்றன. நல்ல தீர்ப்புகள். என் மனக்குறை அவற்றின்மேல் இல்லை.

எதைச் சமரசத்தில் முடிக்கலாம் என்ற கேள்வியோடு பழங்காலத்திலும் நம் ஊர்கள் மல்லுக்கட்டியிருக்கின்றன. உடையார்பாளையத்துக்கு அதிக தூரமில்லாமல் கங்கைகொண்ட சோழபுரம் இருப்பதால் அது நினைவுக்கு வருகிறது. வேட்டையில் தவறிப்போன அம்பு பட்டு ஒருவர் இறந்துவிட, எய்தவர் உயிரைக் கொடுக்கவேண்டாம், கோயிலில் நந்தாவிளக்கு எரிக்கட்டும் என்று நாட்டாரும் ஊராரும் கூடித் தீர்த்த செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. ஒரு விளக்குக்கு நெய் வார்க்கத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கோயிலுக்கு விடவேண்டும். அந்தத் தீர்ப்புகளில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். வேண்டுமென்று செய்ததா, கைதவறியதா என்ற விசாரணை முதலில் நடந்தது. முடிவும் கொன்றவர் வீட்டுக்கும் இறந்தவர் வீட்டுக்கும் இடையில் ரகசியமாக முடியவில்லை. ஊர் கூடிச் சொன்னது, கல்லில் வெட்டப்பட்டது, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். அந்த ஊர்க் கூட்டத்தில் யாரெல்லாம் உட்கார முடிந்தது, யாரெல்லாம் எல்லைக்கு வெளியே நிற்கவைக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நினைக்கவேண்டும். ஊர் கூடிச் சொன்னது என்பதாலேயே ஒரு தீர்ப்பு நியாயமாகிவிடாது.

இப்போது மறுபக்கம். இதே பகுதியில் இன்னொரு விதமான வழக்கும் பதிவாகிறது. முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கும் பெண்ணைச் சாதியைச் சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவாகிறது. மறுநாளே எதிர்தரப்பிலிருந்து ஒரு புகார் போகும். அந்தப் பெண்ணின் கணவரும் தம்பியும் சேர்ந்து தாக்கினார்கள் என்று. கேஸுக்குக் கேஸ். அடுத்த மாதம் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். பொதுவழியாக நடந்த வரப்பில் முள் போடப்படும். ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். 'நீயும் வாபஸ் வாங்கு, அவங்களையும் வாங்கச் சொல்றோம். நாளைக்கு அவங்க காட்டுலதானே வேலை செஞ்சாகணும்?' என்பார்கள். அன்போடு சொல்வதுபோல்தான் இருக்கும். சில மாதம் கழித்து உயர் நீதிமன்றத்தில் கூட்டு மெமோ தாக்கலாகும். காணொலியில் ஒரு முகம் தெரியும். சமரசம் உங்கள் சம்மதத்தோடுதான் நடந்ததா என்று நீதிபதி கேட்பார். 'சம்மதம்ங்க' என்று பதில் வரும். அறையில் வேறு யார் இருக்கிறார்கள், யாருடைய வண்டியில் அவர் அங்கே வந்தார் என்பது திரையில் தெரியாது.

பங்காளிகள் இருவர் சொல்லும் 'சம்மதம்' எழுத்தில் இதைப் போலவேதான் இருக்கும். கூட்டு மெமோவின் வாசகமும் ஒன்றேதான்: பெரியோர் முன்னிலையில், எவ்விதக் கட்டாயமுமின்றி, சுயநினைவோடு. ஒன்றில் இருவருக்கும் மறுக்கும் பலம் இருந்தது. மற்றதில் ஒருவருக்கு இல்லை. நீதிமன்றம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இவர் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே. சமரசம் நடந்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரவேண்டும்.

உச்ச நீதிமன்றத்துக்கு இது தெரியாததில்லை. 2021 அக்டோபரில் ராமாவதார் வழக்கில், மத்தியப் பிரதேசத்தில் 1994இல் பக்கத்து வீட்டுக்காரர்களிடையே மூண்ட சொத்துத் தகராறில் எழுந்த வன்கொடுமை வழக்கை அது முடித்துவைத்தது. சம்பவம் நடந்து கால் நூற்றாண்டுக்குமேல் ஆகியிருந்தது. அதே தீர்ப்பில், வன்கொடுமை வழக்குகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், சமரசத்தில் கட்டாயத்தின் சாயல் தென்பட்டாலே எதிரிக்கு நிவாரணம் தரக்கூடாது என்றும் சொன்னது. சரியான அளவுகோல். சாயலைக் கண்டுபிடிக்கும் வேலையை யார் செய்வது என்பதுதான் மிச்சமிருக்கிறது. நூற்றுக்கணக்கான மனுக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நீதிபதி அதைத் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பணமும் பேரமும் எங்கெல்லாம் நுழைகின்றன என்பதற்கு அண்மை வழக்குகளே சாட்சி. ராஜஸ்தானில் பள்ளி மாணவியிடம் தவறாக நடந்துகொண்டதாக ஓர் ஆசிரியர்மீது போக்சோ வழக்கு. அந்தச் சிறுமி பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டோம் என்று தகப்பனார் முத்திரைத் தாளில் எழுதிக்கொடுத்தார். உயர் நீதிமன்றம் வழக்கை ரத்துசெய்தது. வழக்கில் சம்பந்தமில்லாத ஊர்க்காரர் ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2024 நவம்பரில் அந்த ரத்து உத்தரவை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டு, வழக்கு தொடர்ந்து நடக்கவேண்டும் என்றது. தகப்பனார் கையெழுத்துப் போட்டதால் அந்தப் பிள்ளைக்கு நடந்தது நடக்காததாகிவிடாது. குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தற்கொலைக்குத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் புகார் கொடுத்த உறவினரோடு சமரசம் செய்துகொண்டு ரத்து உத்தரவு வாங்கினார்கள். இறந்தவரின் மனைவியை யாரும் கேட்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான் 2022இல் அந்த உத்தரவு நீங்கியது.

இதைவிட நமக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. பக்கத்து மாவட்டமான கடலூரில், சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்த ஒருவருக்கு மகளிர் நீதிமன்றம் ஏழாண்டுச் சிறை விதித்தது. அந்தப் பெண் பெற்றோரை இழந்தவர். அந்தக் குற்றத்தின் விளைவாக ஒரு குழந்தைக்குத் தாயாகிவிட்டிருந்தார். குற்றவாளியின் மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. தேவதாஸ், 2015 ஜூனில், இருவரும் சமரச மையத்தில் பேசட்டும் என்று சொல்லி அவருக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்தார். அந்தப் பெண்ணின் எதிர்காலத்தையும் குழந்தையையும் நினைத்துத்தான் அப்படிச் செய்ததாக உத்தரவிலிருந்து தெரிந்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. அவரோடு பேச விருப்பமில்லை என்று அந்தப் பெண்ணே வெளிப்படையாகச் சொன்னார். ஜூலை 1 அன்று மதன்லால் என்ற மத்தியப் பிரதேச வழக்கில், பாலியல் வன்கொடுமையில் சமரசம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. சில நாட்களில் கடலூர் வழக்கின் ஜாமீன் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்த உத்தரவு எழுதப்படும் முன், ஒரே ஒரு முறை, ஒரே ஒருவர், தனியாக அந்தப் பெண்ணிடம் போய் 'உனக்கு இதில் விருப்பமா அம்மா?' என்று கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சமரசத்திலும் பாதிக்கப்பட்டவர் கேட்கப்படாமல் போகலாம் என்பதற்கு இதைவிட வலிக்கும் சான்று எனக்குத் தெரியவில்லை.

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளில், செந்துறை வட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டதை அரியலூர் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு தெருவே தாக்கப்பட்ட இதுபோன்ற சம்பவத்தில் புகார் ஏட்டில் பெயர் ஏறியவர் ஒருவர், பயந்தவர்கள் அத்தனை பேர். ஓடு உடைந்த வீட்டுக்காரரும் கல்லெறிந்ததாகச் சொல்லப்படுபவரும் கைகுலுக்கிக்கொண்டால், அன்று வாக்குச் சாவடிக்குப் போக அஞ்சிய பாட்டியின் சார்பில் யார் ராசியாவது? இத்தகைய வழக்குகளில் கூட்டு மெமோவைக் கையில் வாங்கவே நீதிமன்றங்கள் தயங்கவேண்டும்.

உயர் நீதிமன்றத்தின் இந்த அதிகாரத்தையே எடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அது கருணையோடு நியாயம் செய்த இடங்களும் உண்டு. பதின்வயதில் காதலித்து ஊரைவிட்டுப் போன பெண்ணையும் பையனையும் பிடித்துவந்து, பையன்மீது போக்சோ போடுவது நம் மாவட்டங்களில் பெற்றோர் கைக்கொள்ளும் ஆயுதமாகிவிட்டது. ஈரோட்டிலிருந்து வந்த அப்படியொரு வழக்கை 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முடித்துவைத்தார். பெண்ணின் குரலைக் கேட்டு எழுதப்பட்ட உத்தரவு அது. வளரிளம் பருவத்து ஈர்ப்பை அடக்க எழுதப்பட்ட சட்டமில்லை போக்சோ என்ற தெளிவு அதில் இருந்தது. சட்டத்தின் எழுத்து மட்டும் பேசியிருந்தால், பையன் சிறையில் இருக்க, பெண் சாட்சிக் கூண்டில் நின்றிருப்பார்.

ஆகவே இரண்டு திசையிலும் வேலை இருக்கிறது. சின்னச் சண்டைகளை முடிக்கும் அதிகாரம் ஊருக்குப் பக்கத்தில் வரவேண்டும். குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தம் கொண்டுவரலாம். 498ஏ பிரிவை நீதிமன்ற அனுமதியோடு முடிக்க ஆந்திரம் 2003இலேயே இப்படித்தான் வழிசெய்தது. 118(1)ஐயும் 296ஐயும் நடுவரின் அனுமதியோடு முடிக்கக்கூடியவை ஆக்கினால், ஜெயங்கொண்டத்திலும் அரியலூரிலும் பிறழ் சாட்சிகள் பாதியாகக் குறைவார்கள் என்று அங்கே வழக்காடுபவர்களே சொல்வார்கள். அனுமதி கட்டாயம் வேண்டும். அனுமதி கேட்டு வரும் இருவரையும் நேரில் பார்ப்பவர் அந்தப் பகுதி நடுவர். எந்த ஊர், எந்தத் தெரு, யார் யாருக்கு அடங்கியவர் என்பது சென்னையைவிட அவருக்குத்தான் தெரியும். சட்டம் திருந்தும்வரை காவல்துறையும் தன் பங்கைச் செய்யலாம். காயச் சான்று வருமுன்பே 118(1)ஐ எழுதும் வழக்கத்தையும், திட்டிய வார்த்தை எதுவானாலும் 296(பி)யைச் சேர்க்கும் வழக்கத்தையும் ஒரு சுற்றறிக்கையால் நிறுத்தலாம்.

பெரிய வழக்குகளில் இதற்கு நேர்மாறாக, சமரசத்தின் வேகத்தைக் குறைக்கவேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு ஒவ்வொரு நடவடிக்கையிலும் தகவல் பெறவும் தன் பேச்சைச் சொல்லவும் உரிமை கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் ஜாமீன் மனுக்களில்தான் அது பேசப்படுகிறது. அதன் உண்மையான தேவை குவாஷ் மனுக்களில்தான் இருக்கிறது. வன்கொடுமை வழக்கிலும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான வழக்கிலும் கூட்டு மெமோ வந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையக் குழுவிலிருந்து ஒருவர், முடிந்தவரை ஒரு பெண் வழக்கறிஞர், பாதிக்கப்பட்டவரை அவருடைய வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ தனியாகச் சந்திக்கவேண்டும். எதிர்தரப்பு ஆட்களும் ஊர்ப் பெரியவர்களும் அங்கே இருக்கக்கூடாது. புகார் கொடுத்த பிறகு வேலை நின்றதா, எதிர் வழக்கு எந்தத் தேதியில் போடப்பட்டது, அரசு தரவேண்டிய நிவாரணத் தொகை கைக்கு வந்ததா, சமரசப் பணம் யார் கையில் கொடுக்கப்பட்டது, இதை முதலில் பேசியது யார் என்று கேட்டு எழுதவேண்டும். அந்த அறிக்கை முத்திரையிட்ட உறையில் நீதிபதிக்குப் போகட்டும். பணம் பேசப்பட்டிருந்தால் நீதிமன்றத்தின் வழியாக, பாதிக்கப்பட்டவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே போகவேண்டும். சமரசம் வேண்டாம் என்று அவர் சொன்னால், சொன்னவர் அவர்தான் என்று ஊருக்குத் தெரியாதபடி, மனுவை ஏற்க முடியாது என்ற ஒற்றை வரியோடு நீதிமன்றமே அதை முடித்துவிடவேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. உயர் நீதிமன்றம் தன் நிர்வாக அதிகாரத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு வெளியிட்டாலே போதும். மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணையம் இருக்கிறது, வட்டத்துக்கு வட்டம் குழுக்கள் இருக்கின்றன, பட்டியலில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அரியலூரிலிருந்து உடையார்பாளையத்தின் எந்தக் கிராமத்துக்கும் ஒரு காலைப்பொழுதில் போய்த் திரும்பிவிடலாம்.